பாளையத்து உலையும் பழந்துப்பாக்கியும்

ஆயுத பூசை நாளில் தொழிற்கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குதல் நம்மவர் இல்லங்களில் வழிவழி வந்த வழக்கம். உழவர் கலப்பையை வைப்பர். தச்சர் உளியை வைப்பர். எம்போன்ற இரயில்வே எழுத்தர் பேனாவையும் பேரேட்டையும் வைப்பர். எம் இல்லத்தில் அவற்றோடு இன்னொரு பொருளும் இருந்தது. அஃது எம் பாட்டனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி.

குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து சித்தூர்ச் சீமைக்குக் குடிபெயர்ந்து, கரும்பும் வேர்க்கடலையும் பயிரிட்ட பாட்டனார், இரவில் கொல்லையை அழிக்கும் காட்டுப் பன்றிகளை வெருட்டுவதற்காக முறைப்படி உரிமம் பெற்று அதனை வாங்கினார். இன்று அத்துப்பாக்கி எம் இல்லத்தில் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லப் புகுந்தால் அது ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் நில்லாது. இம்மண்ணில் கொல்லர் உலை உயர்ந்ததும் ஒடுங்கியதுமான வரலாறாகவும் விரியும். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது அதனையே எழுதத் துணிந்தோம். யாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். குறை காணின் கற்றோர் பொறுத்தருள்க.

படை நடந்த பாதை

திருப்பதிக்குச் செல்லும் அடியார்கள் இரயிலில் பாகாலாவைக் கடக்கும்போது மாந்தோப்புகளையும் பாறைக் குன்றுகளையும் கண்டு மகிழ்வர். அமைதி தவழும் இவ்விடங்களில் ஒரு காலத்தில் வெடிமருந்துப் புகை சூழ்ந்திருந்தது என்பதை எண்ணுவோர் சிலரே. பாகாலாவுக்கு அருகிலுள்ள தாமல்செருவுக் கணவாயில், 1740-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகான் மராட்டியப் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1782 டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஐதர் அலி உயிர் நீத்தார். மைசூரிலிருந்து ஆர்க்காட்டுக்கு இறங்கும் படைகளுக்கும், ஆர்க்காட்டிலிருந்து ஏறும் படைகளுக்கும் சித்தூர்ச் சீமை வாயிற்படியாக விளங்கியது.

இவ்வாயிற்படியைக் காத்தவர்கள் பாளையக்காரர்கள். பங்காரி, நரகண்டி, கல்லூர், புலிச்செர்லா, யாதமரி முதலிய பாளையங்கள் குன்றும் காடும் சூழ்ந்த இடங்களில் இருந்தன. நிலத்தை மானியமாகப் பெற்று, அழைத்தபோது ஆயுதத்தோடு வந்து நிற்கும் காவற்படையினர் அவர்களிடம் இருந்தனர். ஈட்டி, வாள் ஆகியவற்றோடு திரித் துப்பாக்கியும் அவர்களுக்குரிய படைக்கலம். படைக்கலம் உள்ள இடத்தில் அதனைச் செப்பனிடுவோனும் இருந்தாக வேண்டும். பாளையத்துக் கொல்லனின் உலை கொழுவும் அரிவாளும் மட்டும் அறிந்த உலை அன்று. துப்பாக்கியையும் அறிந்த உலை.

1801-இல் கருநாடக ஆட்சி கும்பினியாரின் கைக்குச் சென்றது. படைப்பணி இனி வேண்டா, பணமாகக் கட்டுக என்று புதிய ஆட்சி பாளையக்காரரைப் பணித்தது. 1804-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர் கிளர்ந்தெழுந்தனர். கும்பினிப் படை அவர்களை அடக்கியது. கட்டபொம்மனைப் பற்றி நாம் பேசிக் களிக்கிறோம். நாம் வந்து வாழும் இம்மண்ணும் அத்தகைய வரலாறு உடையது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாமா?

குழல் செய்த கை

துப்பாக்கியில் கட்டை உண்டு, குதிரை உண்டு, விசை உண்டு. ஆயினும் அதன் உயிர் குழலே. மருந்து எரிந்து ஆவியாகிப் பொங்கும் அந்த ஒரு கணத்தில், வெடிப்பின் முழு வேகத்தையும் தாங்கி நிற்பது அவ்விரும்புக் குழலின் சுவர்தான். அது தாங்கினால் ரவை முன்னே செல்லும். தாங்காவிடின் பிடித்திருப்பவன் கையைப் பிளக்கும்.

பழைய நாளில் குழல் துளைத்துச் செய்யப்படவில்லை, சுற்றிச் செய்யப்பட்டது. இரும்புப் பட்டையைச் சூட்டில் வளைத்து, விளிம்போடு விளிம்பு பற்றுமாறு சம்மட்டியால் அடித்து இணைத்தனர். இவ்வித்தை நம் நாட்டுக் கொல்லருக்குப் புதியதன்று. தஞ்சைக் கீழைக்கோட்டை மேட்டில் இன்றும் கிடக்கும் பெரும் பீரங்கியே அதற்குச் சான்று. நாயக்கர் காலத்ததாகிய அப்பீரங்கி ஏறத்தாழ 26 அடி நீளமும் 22 டன் எடையும் உடையது. அது வார்த்த பீரங்கி அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, வளையங்களை மேலே இறுக்கி, அடித்துப் பற்றவைத்து ஆக்கியது. சேலத்து உருக்கின் புகழ் கடல் கடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் அருணாசலம் என்னும் கொல்லர் செய்த வேட்டைக் கத்திகளையும் ஈட்டிகளையும் வெள்ளைக்கார வேட்டைக்காரர் விரும்பி வாங்கினர்.

மேனாட்டிலும் குழல் செய்த முறை இதற்கு வெகு தொலைவில் இல்லை. இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, ஒரு கோலின்மேல் சுருள் சுருளாகச் சுற்றி, சுருளும் சுருளும் பற்றுமாறு அடித்தனர். மெருகேற்றியபின் அவற்றின்மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றும். டமாஸ்கஸ் குழல் என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் பெல்ஜிய நாட்டு லியேஜிலும் அவை ஏராளமாகச் செய்யப்பட்டு நம் நாட்டுக்கு வந்தன. எம் பாட்டனாரின் துப்பாக்கியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. 12-ஆம் எண் துப்பாக்கி என்பர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ, அவ்வளவே அக்குழலின் துளை, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

அங்ஙனமாயின் அவர்கள் கொல்லருக்கும் நம் கொல்லருக்கும் வேறுபாடு யாது? கையில் வேறுபாடு இல்லை, சோதனையில்தான் வேறுபாடு. இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. 1813-இல் பர்மிங்காமில் சட்டப்படி ஒரு சோதனைச் சாலை அமைந்தது. புதிய குழலில் வழக்கத்தினும் மிகுதியான மருந்தை இட்டு, ஆள் விலகி நின்று வெடிப்பர். தாங்கிய குழலுக்கு முத்திரை, தாங்காததற்குக் குப்பைமேடு. எத்துணைப் பெயர்பெற்ற கொல்லன் செய்த குழலாயினும் இதற்குத் தப்ப இயலாது. நம் பாளையத்துக் கொல்லனுக்கு அத்தகைய பொதுச் சோதனைச் சாலை வாய்க்கவில்லை. வாய்க்கும் காலம் வருமுன் சட்டம் வந்தது.

சட்டம் வந்த வழி

1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், தெற்கத்திப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் கிளைவு பிரபு அதனை மேலும் இறுக்கினார். 1857-இல் வடக்கே பெருங்கிளர்ச்சி எழுந்தபோது ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று பிறந்தது. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் நாடெங்கும் நிலைபெற்றது. வெள்ளையர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம். இந்தியர் வைத்திருக்க உரிமம் வேண்டும். இவ்வேற்றுமை நம் முன்னோர் நெஞ்சைச் சுட்டது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரசு மகாசபை இச்சட்டத்தைப் பற்றிக் காரசாரமாக வாதிட்டது. 1930-இல் காந்தியடிகள் இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று.

விடுதலை பெற்றபின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. நிறவேற்றுமை ஒழிந்தது, கட்டுப்பாடு ஒழியவில்லை, ஒழியவும் கூடாது. அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு துப்பாக்கியை ஆக்குதல், விற்றல் ஆகியவற்றோடு பழுதுபார்த்தலையும் சோதித்தலையும் ஒரே வரிசையில் வைத்து, இவையனைத்தையும் தொழிலாகச் செய்வோர் உரிமம் பெறவேண்டும் என்கிறது.

தொழில் ஆலைகளுக்குச் சென்றது. வங்கத்து இச்சாப்பூரில் துப்பாக்கி ஆலை. நீலகிரி அருவங்காட்டில் புகையில்லா வெடிமருந்து ஆலை. 1966-இல் திருச்சிராப்பள்ளியில் படைக்கல ஆலை. ஆங்கெல்லாம் அளவுகோலும் சோதனையும் முத்திரையும் உண்டு. ஊர்க் கொல்லனுக்கு எஞ்சியது யாது? யாரேனும் பழந்துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி இரவில் கொணர்ந்தால் ஒளித்துப் பழுதுபார்க்கும் வேலை ஒன்றே. ஒளித்துச் செய்யும் வேலையைச் சோதித்துக் காட்டுவது எங்ஙனம்? கைத்திறன் மறையவில்லை, இருட்டுக்குள் சென்றது. இருட்டுக்குள் சென்ற திறன் வளராது என்பது யாம் கண்ட உண்மை.

எம் இல்லத்தில் நேர்ந்தது

பழுதான துப்பாக்கியைக் கட்டிவைத்துப் பயன்படுத்துதல் நம் ஊர்களில் மட்டும் நிகழ்ந்ததன்று. புலி வேட்டையில் உலகப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட், தம் இளமையில் கிடைத்த முதல் துப்பாக்கியைப் பற்றி 1953-இல் வெளிவந்த நூலில் எழுதியுள்ளார். வாய்வழி மருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல் அது. வலக்குழல் முன்னரே வெடித்துப் பிளந்திருந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பி சுற்றிப் பிணைத்திருந்தனர். இடக்குழலை மட்டும் கொண்டு அச்சிறுவர் காடு சுற்றினார். அவர் தப்பினார். எம் பெரிய தந்தையார் தப்பவில்லை.

பாட்டனாருக்குப்பின் உரிமமும் துப்பாக்கியும் பெரிய தந்தையாரிடம் வந்தன. வலக்குழலின் நடுவே ஒரு சிறு பள்ளம். எப்போதோ வண்டிச் சட்டத்தில் மோதியதாம். அதனருகே மயிரிழை போன்ற ஒரு கோடு. உரிமம் பெற்ற கடைக்குச் சென்னைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அலைச்சல், செலவு, அனுமதிக் கடிதம். ஊரிலேயே கைதேர்ந்த ஆசாரியார் ஒருவர் இருந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். அவர் அடித்த கொழு மூன்று பருவம் மழுங்காது என்பர். அவரை வீட்டுக் கொல்லைக்கே வரவழைத்து, துருத்தி வைத்து வேலை நடந்தது. யாம் அப்போது எட்டு வயதுச் சிறுவர்; அருகிருந்து பார்த்தோம். பள்ளத்தை உள்ளிருந்து தட்டி எடுத்தார். கோட்டைச் சூடேற்றிப் பித்தளையால் பற்றினார். அரம் கொண்டு வழித்துச் சமன் செய்து, எண்ணெயிட்டுத் துடைத்து நீட்டினார். பழுது இருந்த இடம் எது என்று கண்டவர் எவரும் சொல்ல இயலவில்லை. பெரிய தந்தையார் மகிழ்ந்து வேட்டியும் பணமும் கொடுத்தார்.

1989-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து இரவொன்றில் கரும்புக் கொல்லையில் பன்றிகள் புகுந்தன. அவற்றை வெருட்ட வானை நோக்கிச் சுட்டார். முதல் தோட்டா நன்றாகவே வெடித்தது. இரண்டாம் முறை வலக்குழல் நடுவே கிழிந்தது. இடக்கையின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் போயின. அவ்விரவே வேலூருக்குக் கொண்டு சென்று உயிரைக் காத்தனர்.

நான்காம் நாள் ஆசாரியார் வந்து வாயிற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே அழைத்தும் வரவில்லை. “ஐயா, என் கைக்குத் தெரிந்ததைச் செய்தேன். உள்ளே இருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை” என்றார். “உம்மேல் குறை இல்லை, கொண்டுவந்து கொடுத்தவன் நான்” என்று பெரிய தந்தையார் மறுமொழி சொன்னார். பழுதுபார்த்தவர் யார் என விசாரணையில் கேட்டபோதும், குழல் பழையது என்றாரேயன்றி ஆசாரியாரின் பெயரைச் சொல்லவில்லை. உரிமமின்றிச் செப்பனிட்டதற்காக அவரைச் சிறைக்கு அனுப்ப மனம் வரவில்லை. அது சரியோ தவறோ யாம் தீர்ப்புக் கூறோம். ஆசாரியார் அதன்பின் கொழுவும் கடப்பாரையும் அன்றி வேறொன்றையும் தொடவில்லை.

உள்ளே இருந்த நோய்

பிற்காலத்தில் துப்பாக்கி அறிந்த பெரியோரிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் யாம் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வேட்டைத் துப்பாக்கியின் குழல் அடிப்பக்கத்தில் தடிப்பாகவும், போகப் போக மெல்லியதாகவும் இருக்கும். முன்பகுதியில் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அமைவதுண்டு. கருமருந்து எரிந்தபின் படியும் உப்பு, ஈரத்தை இழுத்து இரும்பை உள்ளே அரிக்கும். ஆண்டுக்கணக்கில் துடைக்காத குழலின் உட்புறம் அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக ஆகும். பற்றவைத்த சுருள்களின் இடையே கசடு சிக்கியிருந்தால் அரிப்பு அவ்வழியே சுவருக்குள்ளும் செல்லும். வெளியே அரத்தால் வழித்தால் எஞ்சிய சுவரும் மெலியும்; நெருப்பில் காய்ச்சினால் இரும்பின் உறுதி இளகும். ஆசாரியார் அழகுக்காகச் செய்தவை அனைத்தும் வலிமைக்குப் பகையாயின.

மற்றொன்றும் உண்டு. 1884-இல் பிரெஞ்சு நாட்டு வியேய் என்பார் புகையில்லா மருந்தைக் கண்டார். நாளடைவில் தோட்டாக்கள் எல்லாம் அம்மருந்துக்கு மாறின. ஆனால் பழைய டமாஸ்கஸ் குழல்கள் பல கருமருந்துக்கென்றே சோதித்து முத்திரை இடப்பட்டவை. புதிய மருந்துக்குத் தனிச் சோதனையும் தனி முத்திரையும் வேண்டும். எம் துப்பாக்கியில் அம்முத்திரை இல்லை. தோட்டா குழலுள் பொருந்தியது; பொருந்தியதனால் தகுதியானது என்று எண்ணினர். அதுவே பெரும்பிழை.

இரயில்வேயில் பணிபுரியும் எமக்கு இஃது எளிதில் விளங்கும். தண்டவாளத்தின் மேல்முகம் கண்ணாடிபோல் மின்னும். ஆயினும் அதன் வயிற்றில் விரிசல் இருக்கக்கூடும். ஆகையால்தான் செவிக்கு எட்டாத ஒலியலையைச் செலுத்திச் சோதிக்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு ஊழியர் வெயிலில் நடக்கின்றனர். மின்னுவதை நம்பி வண்டியை விடுவதில்லை. சோதித்ததை நம்பியே விடுகிறோம்.

செய்ய வேண்டுவது

பெரிய தந்தையார் 2021-இல் காலமானார். வெடித்த குழலோடு துப்பாக்கி அலமாரியில் இருந்தது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்தபின் மீட்பதும், ஆயுத பூசையில் சந்தனம் இடுவதுமாக முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பொறியியல் கற்ற எம் தமையனார் மகன், “சித்தப்பா, கிழிந்த பகுதியை அறுத்துவிட்டால் மீதி நன்றாகத்தானே இருக்கிறது? வீட்டிலேயே செய்துவிடலாம்” என்றான். அவன் சொல்லில் ஆசையிருந்தது; தீமையில்லை. எமக்கோ படிக்கு வெளியே நின்ற ஆசாரியாரின் முகமே நினைவுக்கு வந்தது.

குழலைக் குறுக்குவதற்கு உரிமம் வேண்டும் எனச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தனியாகவே கூறுகிறது. சட்டத்தை விடுங்கள், ஓரிடத்தில் நோயுற்ற குழல் மற்றோரிடத்தில் நலமாக இருக்கும் என்பதற்குச் சோதனைச் சாலையன்றி வேறெவர் உறுதி கூறவல்லார்? அவனுக்கு இவ்வரலாறு முழுவதையும் சொன்னோம். கேட்டபின் அவனே துப்பாக்கியைத் துணியில் சுற்றினான். இருவருமாகச் சென்று காவல் நிலையத்தில் எழுத்து மூலம் ஒப்படைத்தோம். வாரிசுகளுக்கு உரிமம் கோரும் வழி உண்டு, யாம் கோரவில்லை. ஒப்புகைச் சீட்டு எம்மிடம் உள்ளது.

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களிலும், ஊரில் விட்டுவந்த பழைய வீடுகளிலும் இத்தகைய பாட்டன் சொத்துகள் இருக்கலாம். உரிமம் உயிருடன் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையெனில் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படையுங்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதற்கு வழி செய்துள்ளது. உரிமம் இருப்பின் உரிமம் பெற்ற செப்பனிடுவோரிடமே காட்டுங்கள். எக்காரணம் பற்றியும் வீட்டுக் கொல்லையில் உலை மூட்டாதீர்கள்.

நம் கொல்லர் குலத்தின் கைத்திறன் உலகறிந்தது. தஞ்சை மேட்டுப் பீரங்கி அதற்குச் சாட்சி. அத்திறனைப் போற்றுவோம். ஆனால் சோதனை இல்லாத் திறனை நம்பிக் கையை நீட்டவேண்டா. சென்ற ஆயுத பூசையில் அத்துப்பாக்கி இருந்த இடத்தில், ஆசாரியார் எம் வீட்டுக்கு அடித்துக்கொடுத்த பழைய கொழு ஒன்றை வைத்துச் சந்தனம் இட்டோம். அது இன்னும் மழுங்கவில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!